கோரா தூக்கிப்போன குட்டி

பெங்களூரிலிருந்து பட்டு நூல் ஏற்றி வந்த வேன் சேவூரில் பரசுராமன் வீட்டு வாசலில் நின்றது. எஞ்சினை அணைத்த பிறகும் உள்ளே ஏதோ கத்திக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த வெற்றிச்செல்வன் ஃபேன் பெல்ட் என்றான்.

"நிறுத்தின வண்டியில பெல்ட்டு எப்படிப்பா கத்தும்?" என்று கேட்டாள் பரசுராமனின் மனைவி ஸ்வர்ணலதா. "பானட்டத் தொற."

திறந்தான். பேட்டரிக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில், கிரீஸும் தூசியுமாக, எலி அளவில் ஒரு பூனைக்குட்டி இருந்தது. அவன் கையை விட்டு எடுத்தபோது அது அவன் விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. கறுப்பா சாம்பலா என்று நிறமே தெரியவில்லை. கண் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருக்கும். நீலம் பூத்த அந்தக் கண்கள் எதையும் பார்க்கிற மாதிரி இல்லை.

"எங்க ஏறுச்சின்னே தெரியலக்கா. கோலார்ல டீ குடிச்சேன், வேலூர்ல காத்து புடிச்சேன். பெங்களூர்லயே குடோன் வாசல்ல வண்டி நின்னுகினு இருந்தப்ப தாய்ப்பூன கொண்டாந்து வெச்சிருந்தாலும் வெச்சிருக்கும். இப்ப அத எங்கப் போய்த் தேடறது?"

தேட முடியாது என்பது ஸ்வர்ணலதாவுக்கும் தெரிந்தது. அவள் யோசிக்கிற வழக்கம் அதிகம் உள்ளவள் இல்லை. வீட்டில் நெய்கிற புடவைகளையும் அக்கம்பக்கத்துத் தறிகளில் நெய்கிற புடவைகளையும் செல்போனில் நேரலையாகக் காட்டி விற்கிறாள். ஒரு புடவையைப் பிரித்து விரிப்பதற்குள், யார் வாங்குவார்கள், யார் சும்மா விலை கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதே வேகத்தில், குட்டியைத் தன் முந்தானையில் வாங்கிக்கொண்டாள்.

"டீசல் நாத்தம் அடிக்குது," என்றாள்.

"அப்ப டீசல்னே பேரு வெச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு வெற்றிச்செல்வன் நூல் மூட்டைகளை இறக்கப் போனான்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருந்தது. சாயம் போடாத பட்டின் மங்கிய வெள்ளை நிறம் என்பதால் அதற்கு கோரா என்று பெயர். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதால் எலிகள் வந்து நூலைக் கடிக்கும்; கோரா வந்த பிறகு எலிகள் அந்தத் தெருவின் மறுகோடிக்குப் போய்விட்டன. முதல் சினைக்கு முன்பே ஸ்வர்ணலதா அதற்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டாள். பட்டும் ஜரிகையும் கிடக்கிற வீட்டில் ஈற்றுக்கு ஈற்று குட்டிகள் ஓடினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி அப்போது பெரிதாகச் சண்டை போட்டாள். ஒரு பிரசவமாவது பார்க்க விடாமல் ஒரு பெண் ஜீவனை இப்படிச் செய்வது பாவம் என்றாள். ஸ்வர்ணலதா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குட்டியைப் பார்த்ததும் கோரா முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு சீறியது. பிறகு பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சோறு வைத்தும் இறங்கவில்லை.

அன்றே ஸ்வர்ணலதா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆரணி டவுனுக்குப் போனாள். கால்நடை மருத்துவர் தேவிப்ரியா சின்ன வயதுக்காரர். பேசும்போதே கை வேலை செய்துகொண்டிருக்கும். குட்டியைத் துடைத்து, காதைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"பசும்பால் வேணாம், வயித்தால போகும். பூனைக்குட்டிக்குன்னே பவுடர் இருக்கு, அதைக் கரைச்சு சின்ன பாட்டில்ல குடுங்க. குப்புற வெச்சுத்தான் குடுக்கணும், மல்லாக்கப் போட்டு ஊத்தக் கூடாது. குடிச்சதும் வெந்நியில நனைச்ச பஞ்சால பின்பக்கம் தடவி விடுங்க, இல்லைன்னா அதுக்கு ஒண்ணுக்குப் போகத் தெரியாது."

"அதக் கூடவா நான் செய்யணும்?"

"தாய் இருந்தா நக்கி விடும். இப்ப நீங்கதான் தாய்."

"வீட்ல ஒருத்தி கீறாளே டாக்டர். அவ வளப்பாளா?"

"ஆபரேஷன் பண்ணின பூனைங்க சிலது வளர்க்கும், சிலது திரும்பிக்கூடப் பாக்காது. அவசரப்படாதீங்க. தனி ரூம்ல வைங்க. குட்டி படுத்த துணியை கோரா பக்கத்துல போடுங்க, கோரா படுத்த துணியைக் குட்டிகிட்ட போடுங்க. வாசனை பழகட்டும்."

"வளப்பா," என்றாள் ஸ்வர்ணலதா. "என் பூனைய எனக்குத் தெரியும்."

புடவைகளை மடித்து அடுக்கும் அறையில், ஓர் அட்டைப் பெட்டியில் டீசலுக்கு இடம் கிடைத்தது. மேல் அழுக்கு போனதும் அது சாம்பலில் கறுப்புக் கோடு போட்ட குட்டி என்று தெரிந்தது. துணிகள் இடம் மாறின. கோரா குட்டியின் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் மேல் படுக்காமல் பக்கத்தில் படுத்தது. அடுத்து அந்த அறையின் மூடிய கதவுக்கு வெளியே வந்து உட்கார ஆரம்பித்தது. உள்ளே குட்டி கத்தும்போதெல்லாம் அதன் காதுகள் திரும்பின. ஒருநாள் அது கதவின் கீழ் இடுக்கில் வாயை வைத்து, அந்த வீட்டில் யாரும் கேட்டிராத ஒரு குரல் கொடுத்தது. தொண்டைக்குள்ளேயே உருளுகிற, சின்னக் குரல்.

"இன்னாங்க, கேட்டீங்களா?" என்று ஸ்வர்ணலதா கணவனைக் கூப்பிட்டாள்.

"கேட்டேன். பசிக்குதோ இன்னாவோ," என்றான் பரசுராமன் தறியிலிருந்தபடி.

"பசியில்லங்க. கூப்புடறா."

மறுநாள் மதியம் கூரியர்காரன் வந்தான். பார்சல்களைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவள் அறைக் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. திரும்பி வந்தபோது பெட்டி காலியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆதிலட்சுமி உள்ளே வந்தாள். காலிப் பெட்டியைப் பார்த்ததும் மார்பில் கை வைத்தாள்.

"அடிப்பாவி, கோரா வாயில கவ்விகினு போனத நான் பாத்தேன்டி! எலியப் புடிச்சிட்டான்னு நெனச்சேன். போச்சி, குட்டி போச்சி. வயித்தையே அறுத்துப் போட்ட பூனைக்குப் பாசம் எங்கருந்து வரும்? கடிச்சித் துப்பியிருக்கும்."

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க. எந்தப் பக்கம் போனா?"

"பாத்தா நிக்கிறாளா? உள்ளதான் ஓடினா."

ஸ்வர்ணலதா கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள், நூல் மூட்டைகளை நகர்த்திப் பார்த்தாள்.  கோராவின் பல் எப்படிப்பட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கோரா கடித்துப் போட்ட எலிகளை அள்ளி எறிந்தவள் அவள்தான். சமையல்கட்டில் பாத்திரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பரசுராமனின் குரல் கேட்டது.

"ஸ்வர்ணா, இங்க வா. நான் கால எங்க வெக்கிறதுன்னு சொல்லிட்டுப் போ."

அவனுடையது குழித்தறி. நெய்கிறவன் தரையோடு உட்கார்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை அழுத்த வேண்டும். பரசுராமன் இரண்டு காலையும் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டு, ஊடை நூலை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை. அதற்குக் கீழே, குழியின் மூலையில், கோரா சாய்ந்து படுத்திருந்தது. அதன் வயிற்று மயிருக்குள் முகத்தைப் புதைத்து, முன்கால்களால் மாற்றி மாற்றி அமுக்கியபடி டீசல் முலை சப்பிக்கொண்டிருந்தது. கோரா அதன் காதை, கழுத்தை, பின்பக்கத்தை நிதானமாக நக்கியது. யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பின்னாலேயே வந்த ஆதிலட்சுமி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். 

"பால் வருதாடி?"

"வராமலா இப்படி இழுத்துகினு கீது?" என்றாள் ஸ்வர்ணலதா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "நான் சொன்னேனா இல்லையா? என் பூனைய எனக்குத் தெரியும்னு சொன்னேனா இல்லையா?"

செல்போனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினாள். சாயங்காலம் பால் பாட்டிலைக் காட்டியபோது டீசல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோராவின் வயிற்றைத் தேடியது. வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் பாட்டிலை அது சீண்டவில்லை. பஞ்சுக்கும் வேலை இல்லை. கோராவே எல்லாவற்றையும் நக்கிச் சுத்தமாக வைத்திருந்தது. ஸ்வர்ணலதா பவுடர் டப்பாவை மேல் அலமாரியில் எடுத்து வைத்தாள். பார்க்கிறவர்களிடம் எல்லாம், கோராவுக்குப் பால் சுரந்துவிட்டது என்று சொன்னாள். அப்படிச் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

பரசுராமன் தறியில்லாமல் இருந்து பழகாதவன். அவர்கள் இரண்டு பேரையும் பெட்டியோடு வெளியே வைத்துப் பார்த்தான். வைத்த வேகத்தில் கோரா குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு குழிக்குள் இறங்கியது. கடைசியில் மிதிக்கு எட்டாத மூலையில் ஒரு பலகையை அடித்து, கோணியைப் போட்டு, அதை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தான். காலுக்குப் பக்கத்திலேயே அவை இருந்ததால், மாற்றத்தை முதலில் கவனித்ததும் அவன்தான்.

"ஸ்வர்ணா, குட்டி சத்தமே கொறஞ்சி போச்சே. வந்த புதுசுல அந்தக் கத்து கத்துச்சி."

"வயிறு நெறஞ்சா இன்னாத்துக்குக் கத்தும்?"

"இல்ல, எடுத்துப் பாரு."

எடுத்தாள். குட்டி கையில் ஈரத்துணி மாதிரி தொங்கியது. முதுகுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளியபடியே நின்றது. வயிறு ஒட்டிக் கிடந்தது.  ஸ்வர்ணலதா அதைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு, "ஜல்தியா வண்டிய எடுங்க," என்றாள். வாசல் வரை கோரா பின்னாலேயே ஓடி வந்தது. ஸ்கூட்டி கிளம்பியதும் தெருவில் நின்று கத்தியது. அந்தச் சத்தம் திருப்பம் வரை அவளுக்குக் கேட்டது.

தேவிப்ரியா குட்டியின் தோலுக்கு அடியில் மருந்து நீர் ஏற்றினார். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். நாக்கில் துளித்துளியாக எதையோ விட்டார். பிறகுதான் பேசினார்.

"கோராவுக்குப் பால் வருதான்னு அமுக்கிப் பாத்தீங்களா?"

"எப்பவும் குடிச்சிகினுதான் இருந்துச்சி டாக்டர்."

"குடிக்கிறது வேற, சப்புறது வேற. எப்பவாவது ஒரு பூனைக்குச் சுரக்கறது உண்டு, அதை நம்பி உக்காரக் கூடாது. கோரா குடுத்தது சூடும் பாசமும். அது ரெண்டும் இருந்ததாலதான் பசி தெரியாம இருந்திருக்கு. வயித்துக்கு நீங்கதான் குடுத்திருக்கணும்."

ஸ்வர்ணலதாவின் கண் நிறைந்தது. பரசுராமன் அவள் தோளில் கை வைத்தான்.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க," என்றாள். "அவளுக்குப் பிள்ள வளக்கத் தெரியுது. பால் வராத முலையக் கூடக் குடுத்துட்டுப் படுத்துகினு கீறா. அவளுக்கு ஆபரேஷன் பண்ணிக் கெடுத்துட்டேனா நான்?"

"கெடுக்கல," என்றார் மருத்துவர், குட்டியின் நெஞ்சில் விரலை வைத்தபடி. "நாங்க எடுத்தது கர்ப்பப்பையும் சினைப்பையும். குட்டி கத்தினா காது திரும்பறதும், நக்கறதும், தூக்கிட்டுப் போய் ஒளிச்சு வைக்கறதும் அங்க இல்ல. அது அப்படியேதான் இருக்கு, நீங்கதான் பாத்தீங்களே. ஆபரேஷன் பண்ணாம விட்டிருந்தா இதுக்குள்ள ஈத்து மேல ஈத்து போட்டு, பாதிக் குட்டி ரோட்டுல செத்திருக்கும். அதையும் நாங்க பாக்கறோம்."

துண்டுக்குள்ளிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. தேவிப்ரியா சிரித்தார்.

"இது பொழைச்சுக்கும். கோராகிட்டேருந்து பிரிச்சிடாதீங்க. ஆனா பாட்டில நிறுத்தாதீங்க. கோராவோட முலையில புண்ணு ஏதாவது வருதான்னும் பாருங்க."

திரும்பி வரும்போது ஸ்வர்ணலதா எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டாள். பாலுக்கு அவள், மற்றதெல்லாம் கோரா. மேல் அலமாரியிலிருந்து டப்பா இறங்கியது. குட்டியைத் தனியே எடுத்துப் போனால் கோரா பதறியது; அதனால் அவள் தறிக்குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்து, கோராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பால் கொடுத்தாள். குட்டி பாட்டிலை மறுத்தால், முதலில் கொஞ்ச நேரம் அதைக் கோராவின் வயிற்றில் விட்டு, அது சப்ப ஆரம்பித்ததும் பாட்டிலை நடுவில் நுழைப்பாள். அந்தத் தந்திரம் பலித்தது. குடித்து முடித்ததும் கோரா அதைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, வாயோரத்துப் பாலிலிருந்து வால் நுனி வரை நக்கி முடிக்கும். அவர்கள் தலைக்கு மேல் நாடா போய் வந்துகொண்டிருந்தது.

ஆதிலட்சுமி தினமும் வந்து பார்த்தாள். முதலில் எட்ட நின்று பார்த்தவள், பிறகு பாட்டிலைத் தான் பிடிப்பதாகச் சொன்னாள். அவள் பிள்ளைகள் எல்லாம் சென்னையில். பகலெல்லாம் அவள் வீட்டில் டிவி மட்டும்தான் பேசும்.

"குப்புற வெச்சிக் குடுங்கக்கா."

"எனக்குத் தெரியுண்டி. நாலு பெத்து வளத்தவகிட்ட சொல்றா பாரு."

குட்டி தேறியது. வயிறு உருண்டது, கண்ணில் ஆள் அடையாளம் வந்தது. ஒரு நாள் காலை ஸ்வர்ணலதா நேரலையில் இருந்தாள். மயில் கழுத்து நிறப் புடவையை மடியில் விரித்து, அரக்குக் கரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது, கோரா அறைக்குள் வந்தது. வாயில் டீசல். கேமராவுக்கு முன்னால் நடந்து வந்து, விரித்த புடவையின் மேல், அவள் மடியில், குட்டியைப் பொத்தென்று போட்டது. போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து ஒரு தரம் கத்தியது.

பால் நேரம் தாண்டிவிட்டது என்று அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

திரையில் கேள்விகள் ஓடின. ஒருத்தி பூனை என்ன விலை என்று கேட்டாள்.

"பூன விக்கிறதுக்கு இல்லீங்க," என்றாள் ஸ்வர்ணலதா, கொஞ்சமும் அசராமல். "இவங்க அம்மா கூட்டியாந்து உட்டுட்டாங்க, பால் குடுக்கணுமாம். நீங்க பார்டரப் பாத்துகினு இருங்க, இதோ வந்துடறேன்."

பாட்டிலை எடுத்து வந்து, அத்தனை பேர் பார்க்கக் கொடுத்தாள். கோரா பக்கத்தில் முன்கால்களை மடக்கி உட்கார்ந்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தது. குட்டியின் நகத்தில் புடவையின் ஓர் இழை வெளியே வந்துவிட்டது. பரசுராமன் அதைப் பார்த்து முனகினான். அவள் அந்தப் புடவையைத் தானே கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது நன்றாகவே இருந்தது.

டீசல் ஓடவும் தாவவும் ஆரம்பித்தபோது கோரா வேறு மாதிரி ஆனது. தெருவின் மறுகோடியிலிருந்து அரை உயிரோடு எலியைக் கொண்டுவந்து குட்டியின் முன் போட்டது. குட்டி பயந்து ஓடினால் மறுபடி இழுத்துவந்து போட்டது. பாவு நூலில் டீசல் ஏறப் பார்த்தபோது ஓர் அடி கொடுத்து உருட்டிவிட்டது. அதோடு, முலைக்கு வந்தால் எழுந்து நடந்தது. விடாமல் வந்தால் உறுமியது.

"இன்னாடி இது, அத்தன ஆசையா வளத்துட்டு இப்பத் தொரத்தறா?" என்றாள் ஆதிலட்சுமி. "சொந்தமா பெத்திருந்தா செய்வாளா?"

"பெத்ததும் இப்படித்தாங்க்கா செய்யும். சோறு திங்கற பிள்ளைக்கு இன்னாத்துக்கு மொல? இவ இன்னும் லேட்டாத்தான் நிறுத்தறா."

இம்முறை அவள் மருத்துவரைக் கேட்காமல் சொல்லவில்லை. முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டாள்.

ஆதிலட்சுமி டீசலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதன் நெற்றிக் கோடுகளை விரலால் நீவினாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருந்தாள். ஆனால் கேட்காமல், தன் வீட்டில் எலித் தொல்லை தாங்கவில்லை என்றும், மாவு மூட்டையை ஓட்டை போட்டுவிட்டன என்றும் சொன்னாள். அப்படி ஒரு மூட்டை அவள் வீட்டில் இல்லை என்று ஸ்வர்ணலதாவுக்குத் தெரியும்.

"எடுத்துகினு போங்கக்கா," என்றாள்.

"நெசமாவா?"

"நெசமா. ஆனா வயசு வந்ததும் ஆபரேஷன் பண்ணணும். அதுவும் பொட்டதான்."

 குட்டி ஆதிலட்சுமியின் வளையலோடு விளையாடிக்கொண்டிருந்தது.

"அப்ப உன் ஸ்கூட்டியிலயே டாக்டர்கிட்ட கூட்டிகினு போ," என்றாள். "நான் பின்னால புடிச்சிகினு உக்காந்துக்கறேன்."

டீசல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது. அன்று சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு கோரா வீடு முழுக்க நடந்தது. தறிக்குழிக்குள் இறங்கியது, பலகையை முகர்ந்தது, புடவை அறைக்குப் போய் வந்தது. தொண்டைக்குள் உருளும் அந்தக் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பரசுராமன் நெசவை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தான்.

"திரும்ப வாங்கிகினு வந்துடலாமா?"

ஸ்வர்ணலதா போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டாள். கோரா வெளியே வந்து, காற்றை முகர்ந்து, ஒரே தாவில் காம்பவுண்டுச் சுவரில் ஏறியது. அங்கே நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பிறகு அந்தப் பக்கம் குதித்தது.

சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து ஆதிலட்சுமியின் குரல் வந்தது.

"ஸ்வர்ணா! வந்துட்டாடி, இங்கதான் கீறா. தட்டுல இருந்தத மொதல்ல தானே தின்னுட்டு, அப்பால அதப் போட்டு நக்கு நக்குன்னு நக்கறா. நான் சரியாக் குளிப்பாட்டலையாம்!"

"பேஜாரு பண்ணா தொரத்துங்கக்கா!"

"இருந்துட்டுப் போவட்டும், உனக்கு இன்னா? நீ உன் வேலையப் பாரு."

ஸ்வர்ணலதா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். மறுநாள் அனுப்ப வேண்டிய பார்சல்கள் இன்னும் கட்டப்படாமல் கிடந்தன. உட்கார்ந்து முதல் புடவையை மடிக்க ஆரம்பித்தாள். தறி மறுபடி ஓடத் தொடங்கியது.